கிரிசாந்தோவின் சம்மதம்

எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் என்று எங்கள் மலையூர் மாராய்பாட்டாவில் யாராவது சொன்னால் பேரைச் சொல்லத் தேவையில்லை. அது கிரிசாந்தோதான். கிழங்கு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் அவரிடம் பேரம் பேச உட்காரும்போதே எஞ்சினை அணைத்துவிடுவார்கள். பேச்சு முடிவதற்குள் டீசல் தீர்ந்துவிடும் என்று அவர்களுக்கு அனுபவம்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஜூலையில், சந்தியாகப்பர் திருவிழாவின் கடைசி நாளன்று, கோவில் வாசலில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அடுத்த வருடத் திருவிழாச் செலவு மொத்தமும் தன்னுடையது என்று அறிவித்தார். இரண்டு சாக்ஸபோன் கோஷ்டி, மூன்று காளை, ஊர் முழுவதற்கும் சோளக் கள். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு கைதட்டியது.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். எங்கள் மலைப்பக்கத்தில் அப்படி இல்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது திருவிழாவை ஏற்று நடத்தி, வீட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நிற்பவன்தான் ஆம்பளை. அதற்கப்புறம் அவன் கிழிந்த சட்டையோடு திரிந்தாலும் ஊர் அவனுக்கு எழுந்து இடம் கொடுக்கும். ஆகவே கிரிசாந்தோவின் மூடிய கையைச் சந்தியாகப்பரே திறந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பாதிரியார் அதைப் பிரசங்கத்திலும் சொன்னார். நோய் இப்படிப் புண்ணிய வேஷம் கட்டிக்கொண்டு வந்தால் யார்தான் அதைப் பிடித்து நிறுத்திப் பெயர் கேட்பார்கள்?

திறந்த கை பிறகு மூடவேயில்லை. தண்ணீர் இறைக்கும் பம்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். பால் மாட்டைப் பக்கத்து வீட்டு ப்ளாசிதாவுக்குக் கொடுத்தார். தானம் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், ப்ளாசிதா பார்த்தாள். கிரிசாந்தோ கொடுத்தால் அதில் ஏதோ குறை இருக்கும் என்றுதான். மாடு நன்றாகவே இருந்தது. ஜனவரியில் அவர் நகராட்சி அலுவலகத்துக்குத் தனியாகப் போய், பிப்ரவரியில் நடக்கும் ஊர்ப் பொதுக் கல்யாணத்துக்குத் தன் பெயரையும் எர்மெலிந்தா பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தச் செய்தியை அவர் அடுப்படியில் வந்து சொன்னபோது எர்மெலிந்தா கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் அவள். எங்கள் பக்கத்து வழக்கம் அது: முதலில் சேர்ந்து வாழ்வார்கள், ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள், இரண்டு மூன்று அறுவடை கழித்துக் கல்யாணம் செய்வார்கள். இவர்கள் விஷயத்தில் முதல் பாதி நன்றாக நடந்தது. பிள்ளைகள் இரண்டு பேர் பிறந்து, வளர்ந்து, தலைநகர் லிமாவுக்கே போய்விட்டார்கள். இரண்டாம் பாதிதான் வரவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் மேயர் இலவசமாகப் பொதுக் கல்யாணம் நடத்துவார், பாதிரியாரும் வந்து ஆசீர்வதிப்பார், ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவள் மெல்லப் பேச்சை எடுப்பாள், "கிழங்கு முளைச்சு, பறிச்சு, தின்னும் ஆச்சு. இப்ப எதுக்கு விதைச்சேன்னு பத்திரம்?" என்று அவர் முடித்துவிடுவார்.

அவளுக்குப் பத்திரம் பெரிதில்லை. கோவிலில் நற்கருணை வாங்க எல்லாப் பெண்களும் எழுந்து போகும்போது கல்யாணம் ஆகாமல் குடும்பம் நடத்தும் அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரில் எத்தனை குழந்தை பிறந்தாலும் எதற்கும் ஞானத்தாயாக நிற்க முடியாது. இரண்டும் முப்பது வருடமாக வலித்தன. அதைவிட, ஒரு தடவையாவது அந்த மனிதர் வாயால் 'எனக்கு இவள் வேண்டும்' என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்று ஆசை. வெட்கத்தால் இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே ஜனவரியிலிருந்து அவள் மிதந்துகொண்டிருந்தாள். பச்சைப் பாவாடைக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தவளுக்கு மற்றதைக் கவனிக்க நேரமில்லை. கிரிசாந்தோவின் பேச்சு, கன்னத்தில் கோகா இலை அடக்கிய ஆள் பேசுவதுபோல் குழறியது. காலை அகட்டி அகட்டி நடந்தார். தன் சொந்த வயலிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் ஆற்றங்கரையில் நின்றிருந்தவரை ஒருநாள் ஆட்டுக்காரி கொண்டுவந்து விட்டாள். வயசாகிறது, வேறென்ன என்று எர்மெலிந்தா நூலைக் கோத்துக்கொண்டாள்.

பொதுக் கல்யாணத்துக்கு ஜோடிகள் ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். சுகாதார நிலையத்து வராந்தாவில் அன்று மணப்பெண்களும் மாப்பிள்ளைகளும் அவரவர் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் நெலிதா ஒவ்வொருவர் விரலிலும் குத்தி, சின்ன அட்டையில் ஒரு சொட்டு விட்டாள். கிரிசாந்தோ பத்து விரலையும் நீட்டினார்.

"எல்லா விரல்லயும் எடுத்துக்க தாயி. எங்கிட்ட நெறைய இருக்கு."

வராந்தா சிரித்தது. நெலிதா சிரித்துக்கொண்டே அட்டையைப் பார்த்தாள். ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடு வந்தது. அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அவரை உள்ளே கூட்டிப்போய்க் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள், வாசலில் ஏழெட்டடி நடக்கவிட்டுப் பார்த்தாள், பிறகு முழங்கையில் ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பினாள்.

கல்யாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் நெலிதா எர்மெலிந்தாவை மட்டும் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உக்காருங்கக்கா. உங்க ரத்தத்துல ஒண்ணுமில்ல. அவர் ரத்தத்துலதான் இருக்கு. மேகநோய்."

எர்மெலிந்தா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எவகிட்டருந்து?"

"உங்களுக்கு முந்தி. சுரங்கத்துக்கு லாரி ஓட்டினார்ல, அந்தக் காலத்துல வந்திருக்கும். ஒரு புண்ணு வந்து தானா ஆறியிருக்கும். போச்சுன்னு நெனச்சிருப்பார். அது போகலை, உள்ள போய் உக்காந்துக்கிச்சு. உங்ககூட சேர்றதுக்குள்ள ஒட்டுற காலம் தாண்டியிருக்கும்."

"சின்னதா இருக்கோ என்னமோ."

"இல்லக்கா. நகரத்துல அவர் ரத்தத்தைத் தண்ணி கலந்து நீர்க்க வச்சுப் பாப்பாங்க. ரெண்டு பங்கு, நாலு பங்கு, எட்டுப் பங்குன்னு. சூப்புல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கோம், இன்னும் உப்பு கரிக்குதுன்னா எவ்வளவு உப்பு இருந்திருக்கும்? அப்படித்தான். அறுபத்து நாலு பங்கு நீர்க்க வச்சும் விடலை. மூளைக்கு ஏறியிருக்கான்னு முதுகுத்தண்டுல நீர் எடுத்துப் பாக்கணும். ஏறியிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. டார்ச் அடிச்சப்ப கண்ணு பாப்பா சுருங்கவே இல்லை. நாக்கு குழறுது, நடை சரியில்ல, வழி மறக்குது. கையில கெடைச்சதையெல்லாம் வாரிக் குடுக்கிறார்."

"குடுக்கிறதுகூடவா?"

"அதுவுந்தான். சில பேருக்கு அப்படி ஆகும். ஊரையே விலைக்கு வாங்கிட்ட மாதிரி இருக்கும் அவங்களுக்கு."

எர்மெலிந்தா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து ஒரு கேள்வி இருந்தது. கேட்காமல் போய்விட்டால் பதிலும் இல்லாமல் போய்விடும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனாலும் கேட்டாள்.

"கல்யாணத்துக்குப் பேர் குடுத்தாரே. அதுவும் அந்த நோய்தானா?"

நெலிதா பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். "அது எந்தச் சோதனையிலயும் தெரியாதுக்கா."

"சனிக்கிழமை முடிச்சிட்டு, திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா?"

"நான் தடுக்க மாட்டேன். இப்ப இது அடுத்தவங்களுக்கு ஒட்டுற கட்டம் இல்ல, சான்றிதழ் குடுத்துருவேன். வருஷக்கணக்கா தின்னுக்கிட்டிருக்கிற நோய் ரெண்டு நாள்ல புதுசா என்ன தின்னுடும்னும் சொல்லலாம். நாளைக்கே வலிப்பு வந்தா என்ன பண்றதுன்னும் சொல்லலாம். பெரிய ஆஸ்பத்திரியில நாளைக்கு ஒரு கட்டில் காலியாகுது, டாக்டர்கிட்ட பேசிட்டேன். அவர் தெரிஞ்சுதான் சம்மதம் சொல்றாரா, தெரியாம சொல்றாரான்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

"மருந்து குடுத்தா?"

"பென்சிலின். நரம்புல ஏத்துவாங்க, ரெண்டு வாரம் படுத்திருக்கணும். நோய் நின்னுடும். அது தின்னது போக மிச்சம் கிடைக்கும். பழைய ஆளாவே திரும்பி வரலாம்."

பழைய ஆளை எர்மெலிந்தாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆள்தான் முப்பது வருடமாகப் பத்திரம் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். முதலில் கல்யாணம், பிறகு ஆஸ்பத்திரி. இடையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். முப்பது வருடம் பொறுத்தவளுக்கு அந்தச் சனிக்கிழமை காலையைக் கடவுள் கொடுக்கமாட்டாரா? அவள் யாரிடமிருந்தும் எதையும் திருடவில்லை. அவராகப் போய்ப் பேர் கொடுத்தார். கேட்டால் அவரே சொல்வார்.

சாயங்காலம் ப்ளாசிதா ஒரு சொம்பு பாலோடு வந்தாள். மாடு கைமாறியதிலிருந்து தினமும் இப்படிக் கொண்டுவருவாள்; மனசு கொஞ்சம் உறுத்தும்போல. எர்மெலிந்தா அவளைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் ப்ளாசிதா. "வலிய வந்த சீதேவியை யாராச்சும் காலால தள்ளுவாங்களா? மோதிரம் விரல்ல ஏறினப்புறம் அந்த ஆளு பைத்தியமாவும் இருக்கட்டும், கஞ்சனாவும் இருக்கட்டும். நீ பொண்டாட்டி. எழுதின எழுத்து எழுதினதுதான்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

"அப்புறம் என்ன? மூஞ்சியைக் கழுவு."

இருவரும் உள்ளே வந்தார்கள். கிரிசாந்தோ அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, கையிலிருந்த அவித்த கிழங்கைப் பூனைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. எர்மெலிந்தா அவர் எதிரில் மணையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தாய்யா. சனிக்கிழமை என்ன விசேஷம்?"

"கல்யாணம். உனக்கும் எனக்கும். ஜனாதிபதிக்குச் சொல்லியனுப்பியிருக்கேன்."

ஜனாதிபதியை அவள் கண்டுகொள்ளவில்லை. கல்யாணம் என்று தெரிகிறது, யாரோடு என்று தெரிகிறது. அது போதும். அவள் ப்ளாசிதாவைத் திரும்பிப் பார்த்தாள். ப்ளாசிதாவுக்கு நிம்மதி, நிம்மதி வந்தால் அவள் வாய் சும்மா இருக்காது.

"மாட்டைக் குடுத்தீங்க மச்சான். என்னை மட்டும் இப்படி ஒத்தையில விட்டுட்டீங்களே. நானும் புருஷன் செத்து ஒண்டியா கெடக்கேன்ல?"

கிரிசாந்தோ அவளைப் பார்த்தார். சிரிப்பு மாறவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு பாசம்.

"அதுக்கென்ன, நீயும் வா. சனிக்கிழமை வா. உன்னையும் கட்டிக்கிறேன். அந்த ஆட்டுக்காரியையும் வரச் சொல்லு, பாவம். யாரும் விட்டுப்போகக் கூடாது."

ப்ளாசிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிரிசாந்தோவும் அவளோடு சேர்ந்து சிரித்தார். எர்மெலிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பம்பைக் கொடுத்த அதே முகம். மாட்டைக் கொடுத்த அதே குரல். தனக்குக் கிடைத்ததும் அதே கொடைதான். வரிசையில் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தாள், அவ்வளவுதான். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இப்படிச் சிரிக்கும் மனிதருக்குள்ளே எங்கோ அந்த முசுட்டு ஆள் வழி தெரியாமல் நிற்கிறார் என்ற நினைப்புதான் சுட்டது.

ப்ளாசிதா சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏய், விளையாட்டுக்குத்தானே கேட்டேன்."

"நீ விளையாட்டுக்குத்தான் கேட்ட," என்றாள் எர்மெலிந்தா. எழுந்துபோய் அவருடைய மாற்று உடுப்புகளை மூட்டை கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை வேனில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து நகரத்துக்குக் கூட்டிப்போனாள். சதுக்கத்தில் கல்யாணத்துக்கு வெள்ளை நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கிரிசாந்தோ வழியெல்லாம் எல்லோருக்கும் கையாட்டினார். ஆஸ்பத்திரியில் அவரைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்று ஊரில் சொல்வார்கள். அவள் வாசலில் நின்று அவர் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் அசைந்தன. நோய் அந்த நீரிலும் இருந்தது. அன்று மாலையே மருந்து ஏறத் தொடங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் ப்ளாசிதா போன் செய்தாள். "மேயர் உங்க ரெண்டு பேர் பேரையும் வாசிச்சார். யாரும் எந்திரிக்கலைன்னதும் அடுத்த பேருக்குப் போயிட்டார்." எர்மெலிந்தா சரி என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து அவருக்குச் சூப்பு ஊட்டினாள்.

நாட்கள் மெல்லப் போயின. முதலில் பேச்சு குறைந்தது, பிறகு சிரிப்பு குறைந்தது. இரண்டாம் வாரக் கடைசியில் ஒருநாள் அவள் வெளியே போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். கிரிசாந்தோ அந்தப் பொட்டலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கதான் ரொட்டி குடுக்கிறாங்கள்ல. வெளியில எதுக்கு வாங்கின?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆள் வந்துவிட்டார். பழைய ஆள், பிசகில்லாமல்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. பக்கத்துச் சுவருக்கு மேலே எட்டி மாட்டைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், உள்ளே வருவார். ப்ளாசிதா ஒருநாள் மாட்டை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டாள். "குடுத்தது குடுத்ததுதான். ஓட்டிட்டுப் போ," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அனுப்பிவிட்டு அன்று முழுவதும் சுவர்ப்பக்கமே போகவில்லை. ஜூலை வந்ததும் சந்தியாகப்பருக்குச் சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். வாத்தியக்குழுவின் ஒவ்வொரு சாக்ஸபோனையும், தன் பல்லைப் பிடுங்குகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணத்தைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. எர்மெலிந்தாவும் கேட்கவில்லை. அவளுக்கு இப்போது வேறு பயம். கொடுத்த சொல் என்பதற்காக, மாட்டை விட்டுக்கொடுத்த அந்த முகத்தோடு வந்து, 'சரி வா, பேர் குடுத்தாச்சு, முடிச்சிடுவோம்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். அப்படி ஒரு கல்யாணம் அவளுக்கு வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே மேல்.

திருவிழா முடிந்த பிறகு மறு சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனார்கள். இப்போது கிரிசாந்தோ நேராகத்தான் நடந்தார்; நாக்கில் மட்டும் ஒரு சின்னத் தடிப்பு மிச்சம் இருந்தது. நெலிதா ரப்பர் பட்டையை அவர் கையில் கட்டினாள்.

"போன தடவை எட்டுக்கு எறங்கியிருந்துச்சு. இப்ப இன்னும் எறங்கியிருக்கும். ஒரேயடியா மறையாது, தழும்பு மாதிரி கொஞ்சம் தங்கிடும். அதுக்காகப் பயப்படாதீங்க."

"இந்த ரத்தம் எதுக்குச் செல்லும்?" என்று கிரிசாந்தோ கேட்டார்.

"எதுக்குன்னா? மறு சோதனைக்குத்தான்."

"அதுக்கு மட்டுமா? கல்யாணத்துக்கும் செல்லுமா?"

நெலிதாவின் ஊசி நின்றது. எர்மெலிந்தா கதவோரமாக, அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஜனவரியில பேர் குடுத்தீங்களே, அதுக்கா?" என்றாள் நெலிதா மெதுவாக.

"அது நோய் குடுத்த பேரு. ஊரே சொல்லுது. அதை நான் எப்படி என் கணக்குல வச்சுக்கிறது?" அவர் முகம் எப்போதும்போல் கடுகடுவென்றுதான் இருந்தது. "இப்ப நான் குடுக்கிறேன். இவளை நான் கட்டிக்கிறேன். அதுக்கு ஒருதரம், இதுக்கு ஒருதரம்னு ரெண்டு தடவை குத்துற வேலை வேணாம். ஒரே குத்துல ரெண்டையும் முடி. இருக்கிற ரத்தத்தை வீணாக்காத."

வராந்தாவில் காத்திருந்தவர்கள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நாலு பேருக்கு மேலேயே கேட்டிருக்கும்.

நெலிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியை இறக்கினாள். "கல்யாணத்துக்குன்னா அக்காவுக்கும் எடுக்கணுமே."

கிரிசாந்தோ கையை நீட்டியபடியே கதவுப்பக்கம் திரும்பினார். "என்ன, வர்றியா இல்லையா?"

முப்பது வருடத்தில் எர்மெலிந்தாவிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவள் தொப்பியை மேசைமேல் வைத்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, நெலிதாவின் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கம்பளிச் சட்டையின் கையை மேலே சுருட்டினாள்.